நூறு சொல் சோதனை: தமிழ் வகுப்புக்கு 120 நூல் தேர்ந்த செய்முறைக் குறிப்பு

அட்டையில் "8 வயது முதல்" என்று அச்சிட்டிருந்தால், அது அந்த நூலை அச்சிட்ட ஊரின் எட்டு வயது. மதுரையில் எட்டு வயதுப் பிள்ளைக்குப் பேருந்துப் பலகை, கடை வாசல், பாட்டி வாய் எல்லாமே தமிழ். சிங்கப்பூரில் அதே வயதுப் பிள்ளைகள் பலருக்கு வீட்டு மொழி ஆங்கிலம். தமிழ் என்றால் பள்ளியில் தமிழ்ப் பாடவேளை, ஞாயிற்றுக்கிழமை தாத்தா வீடு, கொஞ்சம் வசந்தம் தொலைக்காட்சி, அவ்வளவுதான். அட்டை வயதை நம்பி வாங்கிய நூல்கள் அலமாரியில் நிமிர்ந்து நின்றபடியே ஆண்டைக் கழிப்பது இதனால்தான்.

இது சிங்கப்பூரில் தொடக்கநிலை 3 (மூன்றாம் வகுப்பு) தமிழ் வகுப்பு ஒன்றுக்கு நூல்பெட்டி சேர்க்கும் வேலையின் குறிப்பு. வகுப்பில் 24 பேர். இரண்டு மூன்று வகுப்புகளிலிருந்து தமிழுக்காக ஒன்றாக வந்து உட்காரும் பிள்ளைகள் என்பதால் ஏற்றத்தாழ்வு அதிகம்: ஒருவர் நாளிதழின் மாணவர் பக்கத்தை எடுத்துப் படிப்பார், பக்கத்தில் இருப்பவர் இன்னும் ணகர னகரத்தில் தடுமாறுவார். தேவை: தனி வாசிப்புக்கு ஆளுக்கு ஐந்து வீதம் 120 நூல், குழு வாசிப்புக்கு 4 தலைப்புகள், ஒவ்வொன்றிலும் 6 பிரதி, ஆக 24. இந்த 120 தேற ஏறத்தாழ 300 நூலைப் புரட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலக் கணக்கையும் முதலிலேயே சொல்லிவிடலாம். பள்ளி ஜனவரி தொடக்கத்தில் திறக்கிறது. சென்னைப் புத்தகக் காட்சியும் பெரும்பாலும் ஜனவரியில், பொங்கலை ஒட்டித்தான். அங்கே போய் அள்ளி வரலாம் என்று நினைத்தால் முதல் தவணை (பள்ளிப் பருவம்) பாதி போய்விடும். நவம்பர், டிசம்பர் விடுமுறையில் பட்டியல் முடிந்து, நூல் கைக்கு வந்திருக்க வேண்டும். புத்தகக் காட்சிச் சரக்கை இரண்டாம் தவணை மாற்றத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சொல்லை எண்ணாதீர்கள், எழுத்தை எண்ணுங்கள்

நூல்களை நிலை பிரிக்கும் முறைகள் பலவற்றில் சொல் எண்ணிக்கை முக்கியமான அளவுகோல். பிரதம் புக்ஸ் பதிப்பகம் நடத்தும் ஸ்டோரிவீவர் என்ற சிறுவர் கதைத் தளத்தையே எடுத்துக்கொள்ளலாம். முதல் நிலை 250 சொல்லுக்குள், இரண்டாம் நிலை 600 வரை, மூன்றாம் நிலை 1500 வரை, நான்காம் நிலை அதற்கும் மேல். நல்ல தளம்தான், இலவசமும்கூட. ஆனால் தமிழில் சொல் எண்ணிக்கை ஏமாற்றும். ஒட்டுமேல் ஒட்டுப் போட்டு, புணர்த்தி, ஒரு வாக்கியத்தையே ஒரு சொல்லுக்குள் அடைத்துவிட முடிகிற மொழி இது.

இந்த இரண்டையும் பாருங்கள்.

முதலாவது: "ஆற்றங்கரையோரமாகச் சென்றுகொண்டிருந்த யானைக்குட்டியொன்று திடீரெனச் சேற்றில் சிக்கிக்கொண்டது."

இரண்டாவது: "ஒரு யானைக் குட்டி ஆற்றின் கரையில் நடந்தது. திடீர் என்று அதன் கால் சேற்றில் மாட்டியது."

முதலாவதில் 6 சொல், இரண்டாவதில் 12. சொல் கணக்குப்படி முதலாவதுதான் எளிது! எழுத்தை எண்ணினால் முதலாவதில் 46, இரண்டாவதில் 41. சராசரி எடுத்தால் முதலாவதில் சொல்லுக்கு 7.7 எழுத்து, இரண்டாவதில் 3.4. எட்டு வயதுப் பிள்ளை எதில் மூச்சு வாங்கும் என்பதை இந்த எண் சொல்லிவிடும்.

எண்ணும் முறை எளிது. நூலின் தொடக்கத்திலிருந்து 50 சொல், நடுவிலிருந்து 50 சொல். ஊர்ப் பெயர், ஆள் பெயர், எண்கள் கணக்கில் சேராது. மெய்யெழுத்தும் ஓர் எழுத்து, உயிர்மெய்யும் ஓர் எழுத்து. பத்துச் சொல்லுக்கு ஒரு முறை பென்சிலால் கோடு போட்டுக்கொண்டால் குழப்பம் வராது. பழகிய கைக்கு ஒரு நூலுக்கு ஐந்தாறு நிமிடம். நடுப்பகுதியைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். முதல் பக்கத்தைக் குழந்தைகளுக்காக எழுதிவிட்டு, மூன்றாம் பக்கத்திலிருந்து தனக்காக எழுதத் தொடங்கும் ஆசிரியர்கள் உண்டு.

கணினியிடம் விட்டால் தப்பாக எண்ணும். "சிக்கிக்கொண்டது" என்பது நமக்கு 8 எழுத்து. யூனிகோடு கணக்கில் புள்ளி தனி, கொக்கி தனி என்று 15. அட்டவணை மென்பொருளில் நீளம் பார்க்கும் சூத்திரம் இந்த 15ஐத்தான் காட்டும். புள்ளியையும் துணைக்குறிகளையும் நீக்கிவிட்டு எண்ணச் செய்தால் சரியாக வரும். பழைய பிடிஎஃப் கோப்புகளில் அதுவும் நடக்காது. பாமினி, டாம், டாப் போன்ற பழைய எழுத்துருவில் தட்டியவை, நகலெடுத்து ஒட்டினால் குப்பையாக விழும். (1997இல் தமிழ்க் கணிமைக்கான தமிழ்நெட் மாநாடு கூடியதே சிங்கப்பூரில்தான். அந்தக் குப்பைக்கு முடிவு கட்ட இன்னும் எத்தனை ஆண்டு ஆனது என்பது தனிக் கதை.) கையால் எண்ணுவதே வேகம்.

தொடக்கநிலை 3க்கு வைத்துக்கொண்ட எல்லைகள் இவை. சராசரி 4க்குள் இருந்தால் தனியாகப் படிக்கலாம், பச்சைப் புள்ளி. 4க்கும் 5க்கும் இடையில் மஞ்சள், வகுப்பு நிலை. 5ஐத் தாண்டினால் நீலம், ஆசிரியர் துணை வேண்டும். கூடவே இன்னொரு கணக்கு: நூறு சொல்லில் 9 எழுத்தும் அதற்கு மேலும் உள்ள சொல் எத்தனை? மூன்றைத் தாண்டினால் சராசரி எதுவாக இருந்தாலும் ஒரு நிலை மேலே தள்ளுங்கள். குட்டிச் சொற்களுக்கு நடுவே ஒரு "காப்பாற்றப்பட்டுவிட்டதாகவும்" வந்து நின்றால், பிள்ளை அங்கேயே புத்தகத்தை மூடிவிடும். இந்த எல்லைகள் கைக்கணக்கு. உயர்தமிழ் (தமிழை மேல்நிலையில் படிக்கும் பாடம்) எடுப்பவர்கள் நிறைந்த வகுப்பில் அரை எழுத்துக் கூட்டிக்கொள்ளலாம்.

புள்ளியை நூலின் முதுகில் ஒட்டக் கூடாது. பின்னட்டையின் உட்பக்கத்தில் ஒட்டுங்கள். முதுகில் ஒட்டினால் இரண்டே நாளில் "நீ பச்சையா?" என்ற பேச்சு வந்துவிடும். பிறகு பச்சைப் பெட்டிப் பக்கம் யாரும் போகமாட்டார்கள்.

வாய் படிக்கும், பொருள் ஏறாது

எழுத்துக் கணக்கு ஒரு சல்லடைதான், தீர்ப்பு இல்லை. பழம்பாடல் வரிகள் பலவற்றில் சொற்கள் குட்டையாக இருக்கும், சராசரியும் குறைவாக வரும், பொருளோ பெரியவருக்கே உரை வேண்டும். அதனால்தான் இரண்டாவது சோதனை.

தமிழ் வகுப்பில் மிகப் பெரிய ஏமாற்று, சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்பது. எழுத்துக்கும் ஒலிக்கும் பெரும்பாலும் நேர் உறவு உள்ள மொழி. 247 எழுத்தும் பழகிவிட்ட பிள்ளை எதையும் தங்குதடையின்றி ஒப்பிக்கும். "கண்டெடுத்தான்" என்று அழகாகப் படித்த பிள்ளையிடம் அவன் என்ன செய்தான் என்று கேட்டால் முகத்தைப் பார்க்கும். இதற்கு நேரெதிரும் உண்டு. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை திக்கித் திக்கிப் படிக்கும், கதையை மட்டும் முழுசாகச் சொல்லிவிடும். குரலை வைத்து நூல் நிலையை முடிவு செய்தால் இருவருக்கும் தவறான புத்தகம் போய்ச் சேரும்.

ஆகவே சோதனை இப்படி. நடுப்பகுதியில் நூறு சொல் உள்ள ஒரு பக்கம். பிள்ளை மௌனமாகப் படிக்கட்டும். தெரியாத சொல் வந்தால் விரலை வைக்கட்டும், நீங்கள் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு மூன்று கேள்வி. முதல் கேள்வி நேரானது: எங்கே நடந்தது? இரண்டாவது சுட்டுப்பெயரைப் பிடிக்க: மேலே உள்ள யானைப் பத்தியில் "அதன் கால்" என்றால் யாருடைய கால்? மூன்றாவது ஊகம்: குட்டி இனி என்ன செய்யும்? பதில் ஆங்கிலத்தில் வந்தாலும், கையால் காட்டினாலும் சரி. சோதனைக்கு நிற்பது நூல், பிள்ளை இல்லை.

தெரியாத சொல் இரண்டுக்குள் என்றால் தனி வாசிப்பு. மூன்று முதல் ஐந்து வரை என்றால் இணையருடன் அல்லது குழுவில். ஆறு வந்தால் நூல் ஆசிரியரின் மேசைக்கு. வாசித்துக் காட்டப் பயன்படும், பெட்டிக்குள் போகாது. நூற்றுக்கு 98 சொல் தெரிந்தால்தான் துணையில்லாமல் பொருள் பிடிபடும் என்பது இரண்டாம் மொழி வாசிப்பு ஆய்வுகளில் அடிக்கடி எடுத்தாளும் அளவு. அது ஆங்கிலத்தை வைத்துக் கண்டது. தமிழில் ஒரு திருத்தம் வேண்டும். "வா" தெரிந்த பிள்ளைக்கு "வராவிட்டால்" தெரியும் என்று எண்ணக் கூடாது. வேர் தெரிந்தாலும் வடிவம் தெரியவில்லை என்றால் தெரியாத சொல் என்றே எண்ணுங்கள்.

இரண்டாவது கேள்விதான் அதிகம் பேரைக் கவிழ்க்கும். தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதலாம். நல்ல எழுத்தாளர்கள் விடத்தான் செய்வார்கள். "ஓடினான். பார்த்தான். சிரித்தது." சிரித்தது யார் என்று வினைமுற்றின் விகுதியைக் கொண்டு கண்டுபிடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் படித்துப் பழகிய கண் விகுதியைப் பார்க்காது, பெயரைத் தேடும். இப்படிப்பட்ட பக்கம் மிகுந்த நூலை ஒதுக்க வேண்டாம், மஞ்சளில் வைத்துக் குழு வாசிப்புக்கு எடுங்கள். விகுதியைக் கவனிக்கக் கற்றுத்தர அதைவிட நல்ல பாடம் இல்லை.

300 நூலையும் பிள்ளைகளிடம் சோதிக்க நேரம் கிடைக்காது. அச்சும் எழுத்துக் கணக்கும் பாதிக்கு மேல் கழித்துவிடும். மீந்ததில் ஒரே பதிப்பகத்தின் ஒரே வரிசையில் வந்தவற்றுக்கு ஒரு நூலைச் சோதித்தால் போதும். அப்படிச் சுருக்கினால் 40 சோதனை, தலா 4 நிமிடம், மொத்தம் 160 நிமிடம். மற்றவர்கள் மௌன வாசிப்பில் இருக்கும்போது ஒருவர் ஒருவராக அழைத்தால் ஐந்தாறு பாடவேளையில் முடியும். ஆறு பிள்ளைகள் போதும்: வேகமானவர் இருவர், நடுத்தரம் இருவர், மெதுவானவர் இருவர். எப்போதும் கெட்டிக்காரர்களையே அழைத்தால் பெட்டி முழுக்க நீலமாகிவிடும்.

அச்சைப் பார்க்காமல் வாங்கினால்

எழுத்தளவு தொடக்கநிலை 1, 2க்கு 20 புள்ளிக்கு (பாயின்ட்) குறையக் கூடாது. 3, 4க்கு 16 முதல் 18 வரை, 5, 6க்கு 14. வரியிடைவெளி ஒன்றரை மடங்கு; மேலே இகர ஈகாரக் கொக்கியும் கீழே உகர ஊகார வாலும் இருக்கும் எழுத்து நமது. நெருக்கி அடித்தால் மேல்வரி வாலும் கீழ்வரிக் கொக்கியும் முட்டிக்கொள்ளும்.

பலர் கவனிக்காமல் விடுவது வரி முறிவு. தமிழ் அச்சில் வரி முடிவில் சொல்லை எங்கு வேண்டுமானாலும் வெட்டி அடுத்த வரிக்குத் தள்ளுவார்கள், இணைப்புக்கோடும் போடமாட்டார்கள். "மாட்டி" என்று ஒரு வரி முடிந்து "யது" என்று அடுத்த வரி தொடங்கும். நமக்குப் பழகிப்போனது, கண்ணில் படாது. புதிதாகப் படிக்கும் பிள்ளை "மாட்டி", "யது" என்று இரண்டு சொல்லாகப் படித்துவிட்டு விழிக்கும். ஒரு பக்கத்தில் இரண்டுக்கு மேல் இப்படி இருந்தால் தொடக்கநிலை 1 முதல் 3 வரை வேண்டாம். இருபக்கமும் சமமாக இழுத்து அடித்த பக்கங்களில் சொற்களுக்கு நடுவே வெற்றிடம் ஆறாக ஓடும். அதுவும் இதே வகைத் தொல்லை.

மெலிந்த எழுத்துருக்களில் துணைக்காலுக்கும் (ா) ரகரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ணகரத்தின் சுழியும் னகரத்தின் சுழியும் 12 புள்ளியில் ஒன்றாகிவிடும். படத்தின் மேலேயே வாசகம் அச்சிட்ட பக்கம் அழகாக இருக்கும், படிக்க முடியாது.

நன்கொடையாக வரும் பழைய நூல்களில் எழுத்து வடிவத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. சிங்கப்பூரும் 1980களில் அதை ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்திய அச்சில் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் தும்பிக்கை இருக்கும். ணா, றா, னா சுருண்டு கிடக்கும். பிள்ளைகளுக்கு அது வேற்று மொழி. உயர்நிலை மாணவர்களுக்குப் பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள், ஒரு புதிர் மாதிரி விரும்பியும் படிப்பார்கள். தொடக்கநிலைப் பெட்டியில் அதற்கு இடமில்லை.

திண்ணையும் மின்தூக்கியும்

தமிழ்நாட்டு நூல்களில் திண்ணை, ஏற்றம், உரல், ரேஷன் கடை, பஞ்சாயத்து வரும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடியின் பதினோராவது தளத்தில் வளரும் பிள்ளைக்குத் திண்ணை எப்படித் தெரியும்? இதற்காக அந்த நூல்களைக் கழித்துக்கட்டக் கூடாது. வேறு உலகைப் பார்க்கத்தானே படிப்பு. பார்க்க வேண்டியது இது: அந்தச் சொல் படத்தில் தெரிகிறதா? தெரிந்தால் கவலையில்லை. படத்தில் இல்லை, ஆனால் கதையின் முடிச்சே அதில்தான் என்றால் (உரலுக்குள் ஒளிந்தது யார் என்பதே கதை என்று வையுங்கள்), நூலின் முதல் பக்கத்தில் ஒரு சிறு தாளில் படமும் ஒரு வரியும் ஒட்டுங்கள். அப்படிப்பட்ட சொல் நான்குக்கு மேல் போனால் வாசித்துக் காட்டும் வரிசைக்கு மாற்றுங்கள்.

இங்கே எழுதிய நூல்களிலும் சிக்கல் உண்டு. "மின்தூக்கி", "உணவங்காடி நிலையம்" எல்லாம் பாடநூலிலும் செய்தியிலும் வருபவை, பிள்ளை வாயில் லிஃப்டும் ஹாக்கர் சென்டரும்தான். ஒரு முறை சொன்னால் போதும், பொருள் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் உடனே ஒட்டிக்கொள்ளும். "கம்பம்" வேறு மாதிரி. சிங்கப்பூர், மலேசியக் கதைகளில் அது மலாயிலிருந்து வந்த கிராமம். அகராதியில் பார்த்தால் தூண் என்று இருக்கும். "கம்பத்து வீடு" என்பதைத் தூண் வீடு என்று வரைந்துவைக்கும் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது.

உரையாடல் பேச்சுத்தமிழில் இருந்தால் இரண்டாகப் பிரியுங்கள். "வந்துட்டேன்", "போகலாமா" போன்ற பொதுப் பேச்சு நல்லது. வகுப்பில் தரமான பேச்சுத்தமிழ் பழகுகிறார்கள், நடித்துப் படிக்கவும் உதவும். ஆனால் கண்ணால் அந்த வடிவைப் பார்த்திருக்கமாட்டார்கள். முதல் முறை சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், காது பிடித்துக்கொள்ளும். "ஏலே", "அவிங்க", "வந்தாக" என்று வட்டார வழக்கு நிறைந்தவை உயர்நிலைக்குப் போகட்டும்.

நீதி மூட்டையும் மொழிபெயர்ப்பு நெடியும்

தலைப்பிலேயே நீதியைச் சொல்லிவிடும் நூல்கள் பத்துக்கு ஒன்றைத் தாண்ட வேண்டாம். பேராசை கொண்டவன் கெட்டான் என்று அட்டையே சொல்லிவிட்டால் உள்ளே போக என்ன இருக்கிறது? நன்கொடைப் பெட்டிகளில் இவைதான் அடியிலிருந்து மேல் வரை இருக்கும். இரக்கம் பார்க்காமல் கழியுங்கள்.

மொழிபெயர்ப்பு நூல்களைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி: நூறு சொல்லில் "ஒரு" எத்தனை முறை வருகிறது? ஐந்தைத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். "அவனது", "அவளது" ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் நின்றாலும், உயிரில்லாப் பொருள்கள் எல்லாம் "செய்யப்பட்டு", "வைக்கப்பட்டு" என்று நடந்தாலும் அதே கதைதான். ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். உங்கள் நாக்கே தடுக்கினால் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். நல்ல மொழிபெயர்ப்புகளும் உண்டு, குறிப்பாகப் படநூல்களில். இருமொழி நூல்களை (ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ்) தனி வாசிப்புக்கு வைத்தால் கண் ஆங்கிலத்திலேயே நின்றுவிடும். வீட்டுக்கு அனுப்புங்கள், தமிழ் படிக்கத் தெரியாத பெற்றோருக்கும் கதையில் சேர வழி கிடைக்கும்.

பெரிய பிள்ளை, சின்ன நூல்

கடினமான இடம் இதுதான். தொடக்கநிலை 5, 6இல் பதினொரு வயதுப் பையனுக்குத் தமிழ் வாசிப்பு இரண்டாம் வகுப்பு நிலையில் இருக்கும். அந்த நிலைக்கு ஏற்ற நூல் என்றால் அட்டையில் பூனைக்குட்டி. நண்பர்கள் பார்க்க அதைத் தூக்கிக்கொண்டு நடப்பானா? நிலை சரி, வயது தவறு. இந்த இடைவெளிக்குக் கடையில் கிடைப்பது மிகக் குறைவு. நாமே செய்துகொள்ள வேண்டும்.

ஒரு பக்க வாசிப்பு அட்டை: ஏ5 அளவு, 80 முதல் 120 சொல், சராசரி 4 எழுத்துக்குள், பொருள் வயதுக்கு ஏற்றது. காற்பந்து, ரயில், சமையல் குறிப்பு, விடுகதை, பல்லாங்குழி ஆடும் முறை. மாதிரிக்கு ஓர் அட்டையின் தொடக்கம்:

"1987 நவம்பர் 7. சிங்கப்பூரில் முதல் பெருவிரைவு ரயில் ஓடியது. இயோ சூ காங்கில் ஏறினால் தோ பாயோவில் இறங்கலாம். இடையில் மூன்று நிலையங்கள். மொத்தம் ஐந்து."

தேதியை மட்டும் விட்டுவிட்டு, இங்கே ஊர்ப் பெயர்களையும் சேர்த்து எண்ணினால் 17 சொல், 64 எழுத்து, சராசரி 3.8. இடையில் உள்ள மூன்றும் எவை என்று கேட்டால் ரயில் பித்துப் பிடித்த பையன்கள் அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் அங் மோ கியோ, பீஷான், பிராடல் என்பார்கள். அறிந்த பொருளைத் தமிழில் படிக்கும்போது வரும் வேகம் வேறு.

இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு. டெங்கிக் காய்ச்சல் பற்றிய துண்டுப்பிரசுரம், ரயில் நிலையப் பாதுகாப்பு அறிவிப்பு, நூலக அறிவிப்பு: நான்கு அதிகாரத்துவ மொழிகளில் வருவதால் தமிழும் இருக்கும். பூந்தொட்டித் தட்டில் தேங்கிய நீரை ஊற்றுவது எப்படி என்று படித்துவிட்டு வீட்டில் செய்து பார்க்கலாம். ஆனால் இவை மொழிபெயர்ப்புத் தமிழ். அச்சான பொது அறிவிப்பில் பிழை வந்து பிறகு திருத்தியதும் உண்டு. வகுப்புக்குக் கொண்டுபோகுமுன் ஒரு வரி விடாமல் படித்துவிடுங்கள். 1935இல் தொடங்கிய தமிழ் முரசு நாளிதழின் மாணவர் பக்கங்களும் இந்த வயதுக்குப் பொருத்தம். வெட்டி அட்டையில் ஒட்டும்போது தேதியை எழுதிவையுங்கள், பழைய செய்தி என்று தெரியட்டும்.

ஸ்டோரிவீவர் கதைகள் அச்சிட்டுக்கொள்ள உரிமை தரப்பட்டவை. எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயருள்ள கடைசிப் பக்கத்தை வெட்டிவிடக் கூடாது. கையேடாக அச்சிட ஏ4 தாளை மடித்தால் ஏ5. பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 14 பக்கக் கதை என்றால் ஒரு பக்கம் சொற்பட்டியல், ஒரு பக்கம் வெறுமை என்று 16 ஆக்குங்கள். இருபக்க அச்சில் குறுகிய ஓரத்தில் திருப்பும்படி அமைக்காவிட்டால் ஒன்றுவிட்டு ஒரு பக்கம் தலைகீழாக நிற்கும். உள்தாள் சதுர மீட்டருக்கு 100 கிராம், அட்டை 200 கிராம். பிடிஎஃப் கோப்பிலிருந்தே அச்சிடுங்கள். வேறு கோப்பில் ஒட்டி அச்சிட்டால் சில கணினிகளில் கொம்பு எழுத்தின் பின்னால் போய் நின்றுகொள்ளும், "கெ" உடைந்துவிடும். முதல் பிரதியைப் பார்த்த பிறகே மற்ற ஐந்தையும் எடுங்கள்.

தையல், பசை, ஈரம்

படநூல்களில் பல நடுவில் கம்பி அடித்தவை. இங்குள்ள ஈரக்காற்றில் கம்பி துருப்பிடித்து, தாளில் பழுப்புக் கறை ஏறி, பிறகு நடுத்தாள் கழன்று வரும். வாங்கியதுமே கம்பியை நீக்கி நூலால் தைத்துவிடுவது நல்லது. மடிப்பில் மூன்று துளை: நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து 3 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. நூலின் உயரத்தைப் போல இரண்டரை மடங்கு நூல்கயிறு, 21 செ.மீ. உயரத்துக்கு 55 செ.மீ. வெட்டிக்கொள்ளலாம். உட்பக்கத்தில் நடுத்துளையில் தொடங்கி, வெளியே வந்து, மேல்துளை வழியே உள்ளே, உட்பக்கமாகவே கீழ்த்துளைக்குப் போய் வெளியே, மீண்டும் நடுத்துளை வழியே உள்ளே. இரு முனைகளும் உட்பக்கத்து நீளத்தையலின் இருபுறமும் நிற்கும்படி வைத்து முடிச்சுப் போடுங்கள்.

ஒட்டு முதுகு உள்ளவற்றில் தாள் உதிர்ந்தால் வெள்ளைப் பசை, மேலே பாரம், ஓர் இரவு. ஒளிபுகும் ஒட்டுநாடா வேண்டவே வேண்டாம். ஓராண்டில் மஞ்சளாகி, பசை கசிந்து, பக்கத்து நூலையும் பிடித்துக்கொள்ளும்.

விடுமுறையில் குளிர்சாதனம் நிறுத்திய வகுப்பறையில் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் நூலை அடைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது பூசணம் வரவேற்கும். மூடியைத் திறந்துவையுங்கள், அல்லது திறந்த அலமாரியில் சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி நிறுத்துங்கள்.

தவணை ஓட்டம்

120இன் பங்கீடு: பச்சை 48, மஞ்சள் 42, நீலம் 18, அட்டை, நாளிதழ் வெட்டு, துண்டுப்பிரசுரம் போன்றவை 12. பாதிக்கு அருகில் எளியவையாக இருப்பது பலருக்கு உறுத்தும், பிள்ளைகள் வளர வேண்டாமா என்பார்கள். முழு நூல் ஒன்றைத் தானாகப் படித்து முடித்த பிள்ளைதான் அடுத்ததை எடுக்கும். நீலத்தை அதிகமாக்கினால் பத்துப் பக்கம் படித்துவிட்டுத் திருப்பிக்கொடுக்கும் பழக்கம்தான் வளரும்.

ஒரு தவணை 10 வாரம். முதல் வாரம் சோதனை, கடைசி வாரம் சரிபார்ப்பு. நடுவில் 8 வாரத்தில் நான்கு குழுக்களும் நான்கு குழு நூல்களை ஈரிரு வாரமாகச் சுற்றி முடிக்கலாம்.

ஒவ்வொரு நூலின் பின்னட்டையிலும் ஒரு சீட்டு: தேதி, பெயரின் முதலெழுத்து, முடித்தால் ஒரு கோடு, பாதியில் விட்டால் ஒரு வட்டம். நூல் அறிக்கை, சுருக்கம், செயல்தாள் எதுவும் கேட்கக் கூடாது; கேட்டால் மெல்லிய நூலாகத் தேடி எடுப்பார்கள். தொடர்ந்து மூன்று வட்டம் விழுந்த நூலை எடுத்து எழுத்துக் கணக்கை மறுபடி போடுங்கள். கணக்குச் சரியாக இருந்தால் பெரும்பாலும் சுட்டுப்பெயர்ச் சிக்கல். குழு வாசிப்புக்கு மாற்றலாம். சீட்டே வெறுமையாக இருந்தால் யாரும் தொடவில்லை என்று பொருள். அந்த நூலிலிருந்து இரண்டு பக்கத்தை நல்ல இடத்தில் நிறுத்தி வாசித்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் ஒரு வாரம் யாரும் எடுக்காவிட்டால் வெளியே.

மார்ச் விடுமுறைக்கு முந்திய வாரம் 30 நூலை மாற்றுங்கள். வெளியே போகும் நீல நூல்களை உயர்தமிழ் வகுப்புக்கும், பச்சை நூல்களைத் தொடக்கநிலை 2க்கும் கொடுக்கலாம். கொடுக்கும்போது பின்னட்டைச் சீட்டைக் கிழிக்காதீர்கள். வட்டம் விழுந்த இடம் அடுத்த ஆசிரியருக்கும் தெரிய வேண்டும்.